விழா உடையைத் தெரிவு செய்யும் ஒழுங்கு: அழகும் வசதியும் ஒருங்கே அமைவதற்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் விழாவுக்கு உடை எடுக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒழுங்குதான் காணப்படுகிறது. முதலில் நிறம் பேசப்படும், பிறகு சேலை வாங்கப்படும், அதன்பின் அவசரமாக பிளவுஸ் தைக்கக் கொடுக்கப்படும், கடைசி நாள் மாலையில் செருப்புத் தேடப்படும். அன்றைய பொழுதில் உடுத்துபவர் எத்தனை மணி நேரம் நிற்பார், எங்கே இருப்பார், கையை எவ்வளவு உயர்த்துவார் என்பதை எவரும் கேட்பதில்லை. விலையுயர்ந்த சேலையோடு மண்டபத்தின் ஒரு மூலையில் தோளை இழுத்துவிட்டபடி நிற்கும் பெண்களைக் காணும்போதெல்லாம், அவர்களது தெரிவை விடத் தெரிவு செய்த ஒழுங்கிலேயே பிழை இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆகவே பின்வரும் படிகளை வரிசை மாற்றாமல் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. கடைக்குப் போகமுன் தயார் செய்ய வேண்டியவை

ஒரு கொப்பியில் நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: விழா தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், நடைபெறும் இடம், அங்கே இருக்கை கதிரையா தரையா என்பது, அந்த விழாவில் உங்களுடைய பங்கு. விருந்தினராக ஒரு மணி நேரம் வந்து போகிறவருக்கும், மணமகளின் மாமியாக விடியற்காலை முதல் பந்தி முடியும்வரை நிற்கிறவருக்கும் ஒரே உடை பொருந்தாது.

அடுத்து, உங்களிடம் உள்ளவற்றில் மிக நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்று, அன்று அணியப்போகும் உள்ளாடை, அன்று போடப்போகும் செருப்பு, ஓர் அளவுநாடா ஆகியவற்றை எடுத்து ஒரு பையில் வையுங்கள். உள்ளாடை மாறினால் மார்பளவும், செருப்பு மாறினால் சேலை நிற்கும் உயரமும் மாறிவிடும் என்பதால், இவை முடிவாகாமல் எடுக்கப்படும் எந்த அளவும் நம்பத்தக்கதன்று.

காலத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். சாதாரண நாட்களில் விழாவுக்கு நான்கு கிழமைகளுக்கு முன் துணி தையற்காரர் கையில் இருந்தால் போதும். தைப்பொங்கல், தீபாவளி, நல்லூர்த் திருவிழா ஆகியவற்றுக்கு முந்திய வாரங்களிலும், வெளிநாட்டு உறவினர் விடுமுறைக்கு வந்து நிறையும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலும் ஆறு கிழமைகளாவது வேண்டும். அந்த நாட்களில் தையற்காரர் ஒப்புக்கொள்வார், ஆனால் அணிந்து பார்த்துத் திருத்துவதற்கான நேரத்தைத்தான் அவர் முதலில் வெட்டுவார்.

பணத்தைப் பிரிக்கும்போது சேலையின் விலையோடு நிறுத்திவிடாதீர்கள். பிளவுஸ் தையற்கூலி, உட்துணி, சேலையின் கீழ்க்கரைக்கு உட்புறமாக வைத்துத் தைக்கும் ஃபோல்ஸ் பட்டி, முந்தானைக் குஞ்சம், உட்பாவாடை, பின்னர் உலர்சலவை ஆகியன தனித்தனியே சிறிதாகத் தெரிந்தாலும் ஒன்றுசேரும்போது கணிசமான தொகையாகும். அந்தப் பங்கை ஒதுக்காதவர்கள் கடைசியில் தையலில் மிச்சம் பிடிக்கிறார்கள். நடுத்தரமான சேலையை நல்ல தையல் உயர்த்திக் காட்டும், ஆனால் எவ்வளவு உயர்ந்த சேலையாலும் மோசமான தையலை மறைக்க முடிவதில்லை.

2. அந்த நாளில் உடம்பு செய்யும் வேலையைப் பிரித்தறிதல்

தாலிகட்டு வைபவம். முகூர்த்தம் அதிகாலையில் அமைந்தால், சோடிப்புக்காக நள்ளிரவுக்குப் பின்னரே எழும்ப வேண்டியிருக்கும். மணமேடைக்கு அருகில் ஓமப்புகையும் படப்பிடிப்பு விளக்குகளின் சூடும் சேர்ந்திருக்கும். நெருங்கிய உறவினர் ஆராத்தித் தட்டு ஏந்துவார்கள், குனிந்து எழும்புவார்கள், சீர்த்தட்டுகளைத் தூக்குவார்கள். இவர்களுக்குக் கை அசைவே முதன்மையானது, ஆகவே கைக்குழி இறுகாத பிளவுஸும் தோளில் உறுதியாக நிற்கும் சேலையும் வேண்டும். வெறும் விருந்தினருக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

கோயில். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடக்க வேண்டும், தரையில் இருக்க வேண்டும், விழுந்து கும்பிட வேண்டும். நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழாவின்போது சுற்றுவீதிகளில் மணல் பரப்பப்பட்டிருப்பதால், குதிகால் உயர்ந்த செருப்பை மனத்தில் வைத்து உயரம் விட்டு உடுத்திய சேலை, செருப்பைக் கழற்றியவுடன் மணலில் இழுபடத் தொடங்கும். கோயிலுக்கென்று உடுத்தும் சேலையை வெறுங்காலில் நின்றே உடுத்துங்கள்.

மாலை வரவேற்பு. குளிரூட்டிய மண்டபம், மேடைப்படிகள், படம் எடுப்பதற்கான வரிசை, நின்றுகொண்டே உண்ணும் விருந்து. வெப்பம் இங்கே பிரச்சினையாக இராது. படியேறும்போது முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லாத நீளமும், ஒரு கையில் தட்டும் மறுகையில் பரிசுப்பொதியும் இருக்கும்போது தோளைவிட்டு நழுவாத முந்தானையுந்தான் இங்கே வேண்டும்.

தேவாலயத் திருமணம். முழந்தாளிடுவதும் எழும்புவதும் மாறி மாறி வரும். தோளும் முதுகும் மூடிய உடை எதிர்பார்க்கப்படும். இடையில் இறுகப் பிடிக்கும் நீண்ட கவுன் முழந்தாளிடும்போது முழங்காலுக்குக் கீழ் சிக்கிக்கொள்ளும். பின்பக்க வெட்டு அல்லது விரிந்த கீழ்ப்பகுதி உள்ளதையே தெரிவு செய்யுங்கள்.

சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்புநீராட்டு விழா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே உடுத்தப்படுபவள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. அவளுக்காகத் தெரிவு செய்பவர்களோ பெரியவர்கள். காலையில் நீராட்டு, பின்னர் கனத்த பட்டு, மாலையில் வேறோர் உடை, படப்பிடிப்புக்காக இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே போவதுதான் இப்போதைய வழக்கமாகிவிட்டது. சரிகை நிறைந்த காஞ்சிபுரப் பட்டு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை நிறை கொண்டது. அதன்மேல் ஒட்டியாணம், சடைநாகம், மாலைகள் எல்லாம் ஏறும்போது பிள்ளை மதியத்துக்குள் சோர்ந்துவிடுகிறாள். உடைமாற்றம் இரண்டுக்கு மேல் போகாதபடி முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பட்டுப் பாவாடை தாவணி ஒன்றும் மென்பட்டுச் சேலை ஒன்றும் போதும். முக்கியமாக, அவளைக் கடைக்கு அழைத்துச் சென்று அவளது தோளில் போட்டுப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து வாங்குங்கள். சேலை உடுத்திப் பழகாத பிள்ளைக்கு, கொய்யகம் (சேலையின் முன்மடிப்பு) முன்கூட்டியே தைக்கப்பட்டுப் பாவாடைபோல் அணியக்கூடிய சேலை மிகவும் உதவும்.

3. மாதமும் காற்றும்

ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோழகம் எனும் தென்மேற்குக் காற்று யாழ்ப்பாணத்தில் உடைத்தெரிவைத் தீர்மானிக்கும் ஒரு காரணி என்பதைப் புதிதாக உடுத்தத் தொடங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். திறந்த வெளியில், குறிப்பாகக் கோயில் வீதியிலும் கடற்கரையோர மண்டபங்களிலும், சிஃபோன், ஜோர்ஜெட் போன்ற இலேசான துணிகளின் முந்தானை முகத்தில் அடிக்கும். அவ்வாறான துணியையே விரும்பினால், கரையில் கல் அல்லது மணி வேலைப்பாடு உள்ளதைத் தெரிவு செய்யுங்கள், அந்தக் கனமே முந்தானையைக் கீழே நிறுத்தும். இல்லாவிடில் முந்தானையை மடிப்புகளாக்கித் தோளில் ஊக்குக் குத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பங்குனி, சித்திரை மாதங்களில் காற்றும் நின்றுவிடுவதால் வியர்வையே முதற்பிரச்சினையாகும். பருத்தி, பருத்தி கலந்த பட்டு, லினன், மென்பட்டு ஆகியன ஏற்றவை. பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது என்பதால், பார்வைக்கு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் உடம்பில் ஒட்டிப் புழுங்கும்.

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில் ஓட்டோவிலிருந்து மண்டப வாசலுக்குப் போகும் சிறு தூரத்திலேயே கீழ்க்கரை நனைந்துவிடும். பட்டில் நீர்த்துளி விழுந்த இடம் வட்டக் கறையாக நிற்கக்கூடும். மாரிக்குக் கிறேப், செயற்கைப் பட்டு போன்றவற்றை உடுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை.

4. உடை வகையை முடிவு செய்தல்

மேலே எழுதியவற்றைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை வந்துவிடும். நாள் முழுவதும் வேலை செய்பவருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் நல்ல துணியில் தைத்த பஞ்சாபி உடை சேலைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. பால் கொடுக்கும் தாய்மார் முன்பக்கக் கொழுக்கி வைத்த பிளவுஸோடு சேலை உடுத்தலாம், அல்லது முன்திறப்புள்ள மேலுடையைத் தைப்பிக்கலாம். பின்பக்க சிப் வைத்த உடை அவர்களுக்கு ஒரு சிறை.

லெஹெங்கா வாங்குபவர்கள் இடுப்புப் பட்டியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முழுக் கனமும் இடுப்பில் ஒரு கயிற்றில் தொங்குவதால், பட்டி இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் அகன்று, உள்ளே பருத்தி வைத்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். மெல்லிய நாடா மட்டும் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் இடுப்பை அறுக்கத் தொடங்கும்.

சேலையே என்று முடிவானால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

5. கடையில் துணியைச் சோதித்தல்

யாழ்ப்பாண நகரின் பெரியகடைப் பக்கமோ அருகிலுள்ள திருநெல்வேலியோ, எங்கே வாங்கினாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். முற்பகலில் போங்கள். கடைக்குள் எரியும் வெண்விளக்கின் கீழ் மாந்தளிராகத் தெரிவது வெயிலில் மண்ணிறமாகத் தெரியக்கூடும். சேலையை வாசலடிக்குக் கொண்டுவந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல கடைக்காரர் எவரும் மறுப்பதில்லை.

முதலில் ஒரு மூலையைக் கைக்குள் வைத்துச் சில விநாடிகள் கசக்கி விடுங்கள். சுருக்கம் ஆழமாக நின்றால் ஒரு மணி நேரம் கதிரையில் இருந்த பிறகு பின்பக்கம் எப்படித் தெரியும் என்பதை அது காட்டிவிடும். பிறகு சேலையின் ஒற்றை மடிப்பை மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உட்பாவாடையின் நிறம் வெளியே தெரியுமா என்று பாருங்கள்.

அடுத்து சேலையைப் புரட்டுங்கள். சரிகைப் பூக்களின் பின்பக்கத்தில் நூல்கள் வெட்டப்படாமல் நீளமாக ஓடினால், அவை காப்பிலும் மோதிரத்திலும் கால் விரலிலும் மாட்டி இழுபடும். அவ்விதச் சேலை பிடித்துவிட்டால், பின்பக்கத்தில் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைப்பிக்கத் தயாராக இருங்கள். கரைக்கும் உடலுக்கும் இடையிலான இணைப்பை விரலால் மெதுவாக இருபுறமும் இழுத்துப் பாருங்கள், நூல் விலகி ஒளி தெரிந்தால் அந்தச் சேலையை விட்டுவிடுங்கள்.

பட்டு என்று விற்கப்படுவது பட்டுத்தானா என்பதில் ஐயம் எழுந்தால், முந்தானை ஓரத்து நூல் இரண்டைக் கேட்டு வாங்கி எரித்துப் பார்க்கலாம். பட்டு, தலைமயிர் கருகும் மணத்தோடு மெதுவாக எரிந்து, விரலிடையே பொடியாகும் சாம்பலைத் தரும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். இந்தியப் பட்டுகளில், 2004ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அந்த முத்திரை இழை தூய பட்டு என்பதற்குத்தான் சான்று, சரிகையின் தரத்தை அது சொல்லாது.

நீளத்தை அளந்தே வாங்குங்கள். வழக்கமான சேலை ஐந்தரை மீற்றர், அதோடு இணைந்து வரும் பிளவுஸ் துண்டு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். மார்பளவு 40 அங்குலத்துக்கு மேற்பட்டவர்களும் முழங்கை வரை கை வைக்க விரும்புபவர்களும் அந்தத் துண்டு போதாமற் போவதைத் தையற்காரர் சொல்லித்தான் அறிகிறார்கள். அப்போது நிறம் பொருந்தும் துணியைத் தேடி ஊரெல்லாம் அலைவதை விட, வாங்கும் இடத்திலேயே ஒரு மீற்றர் பொருத்தத் துணியையும் எடுத்துவிடுவது நல்லது.

கரையின் அகலம் உடுத்துபவரின் உயரத்தோடு தொடர்புடையது. உயரம் குறைந்தவர்களுக்கு ஓர் அடி அகலக் கரை உடலைக் குறுக்கே வெட்டி இன்னும் குள்ளமாகக் காட்டும், நான்கு அங்குலத்துக்குட்பட்ட கரை அவர்களுக்குப் பொருந்தும். உயரமானவர்கள் பெரிய கரையைத் தயக்கமின்றி எடுக்கலாம். உடல் பருமன் பற்றிக் கடையில் சொல்லப்படும் அறிவுரைகளை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மொரமொரப்பாக விறைத்து நிற்கும் ஓர்கன்சா போன்ற துணி எவரையும் பருமனாகக் காட்டும், ஒழுகி விழும் துணி எவரையும் ஒடுக்கமாகக் காட்டும், அவ்வளவுதான்.

இறுதியாக, அணிந்திருக்கும் உடைக்கு மேலேயே சேலையைச் சுற்றிப் பார்த்து, அந்தக் கோலத்திலேயே கடைக் கதிரையில் இருந்து எழும்புங்கள். கூச்சப்பட்டு இதைத் தவிர்ப்பவர்கள்தான் மிகப் பெரும்பாலோர்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும், 2023 ஒக்டோபர் முதல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பலும் ஓடத் தொடங்கிய பின் தமிழகத்துக்கே சென்று கலியாணச் சேலைகள் எடுப்பது கூடியிருக்கிறது. அங்கே வாங்கியதை இலகுவில் மாற்ற முடியாது என்பதால், மேற்சொன்ன சோதனைகளை அங்கே இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும். ஒரே நாளில் இருபது சேலை பார்த்துக் கண் களைத்த நிலையில் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

6. பிளவுஸ் தைப்பித்தல்

வசதியில் பெரும்பங்கு இந்தச் சிறு துணியில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் துணியை நனைத்தல். பருத்தித் துணியையும் பருத்தி உட்துணியையும் வெட்டமுன் நீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, மினுக்க (இஸ்திரி போட) வேண்டும். நனைக்காத உட்துணி முதல் சலவையில் சுருங்கி, வெளித்துணியை உள்ளே இழுத்து, தையல் ஓரமெல்லாம் நெளிந்துபோகச் செய்யும். பட்டு வெளித்துணியை நனைக்கக் கூடாது, அதற்கான உட்துணியை மட்டும் நனைத்தால் போதும். உட்துணி பருத்தியாகவே இருக்க வேண்டும் என்று தையற்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மலிவான செயற்கைத் துணி வைக்கப்படக்கூடும், பட்டு பிளவுஸ் புழுங்குவதற்கான காரணம் பலவேளைகளில் அதுவே.

அளவை நேரில் கொடுங்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில் அளவு அனுப்பி, வந்திறங்கிய மறுநாளே அணியத் திட்டமிடுபவர்கள் அதிகம். குளிருக்குத் தடித்த உடைக்கு மேலே எடுத்த அளவும், சென்ரிமீற்றரா அங்குலமா என்று குறிப்பிடாத அளவும் வந்து சேர்கின்றன. வேறு வழியில்லையென்றால், நன்றாகப் பொருந்தும் பிளவுஸ் ஒன்றைத் தபாலில் அனுப்புங்கள், அது இருபது எண்களை விடத் தெளிவாகப் பேசும்.

கழுத்தின் ஆழத்தையும் தோளின் அகலத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். முன்கழுத்தும் பின்கழுத்தும் இரண்டுமே ஆழமாக வெட்டப்பட்டால் தோள்பட்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இராது, அது நாள் முழுவதும் கைப்பக்கம் வழுகும். பின்கழுத்து ஆழமாக வேண்டுமென்றால் முன்கழுத்தை உயர்த்துங்கள், அல்லது பின்னே கயிறு வையுங்கள். அந்தக் கயிறு அலங்காரத்துக்காக மட்டும் வைக்கப்படுவதன்று, தோள்கள் இரண்டையும் ஒன்றோடொன்று பிணைப்பது அதுவே.

கைக்குழியில்தான் தவறுகள் குவிகின்றன. பெரிதாக வெட்டினால் கை தாராளமாக அசையும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் கைக்குழி அளவுக்கு மீறித் தாழ்ந்தால், கையை உயர்த்தும்போது முழு பிளவுஸும் அதனோடு மேலே ஏறி, மார்புக்குக் கீழே இடைவெளி தெரியும். குழி அக்குளுக்கு நெருக்கமாகவும், கைத்துணியின் மேற்பகுதி போதிய அகலமாகவும் இருந்தாலே கை மட்டும் தனியே உயரும்.

உள்ளே மடித்துவிடும் துணி இருபக்கமும் ஒன்றரை அங்குலமாவது இருக்கட்டும். விலை கொடுத்து வாங்கிய பட்டு பிளவுஸ் ஓராண்டுக்குப் பின் இறுகும்போது பிரித்து விடுவதற்கு அதுதான் இருக்கிறது. தையற்காரர் அதை வெட்டிச் சுத்தமாக்கித் தர முன்வருவார், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கொழுக்கிகளுக்கு இடையே ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான இடைவெளி போதும். அது இரண்டு அங்குலமாகும்போது, கதிரையில் இருக்கையில் வாய் பிளக்கும். முதுகுப்பக்கக் கொழுக்கி அழகுதான், ஆனால் உதவிக்கு ஆளில்லாத வீட்டில் அதைத் தெரிவு செய்யாதீர்கள்.

அணிந்து பார்க்கும் நாளில் கண்ணாடிக்கு முன் நேராக நின்றுவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. அன்று அணியப்போகும் அதே உள்ளாடையோடு அணிந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள், முன்னே நீட்டிக் கைகளைக் கட்டிப் பாருங்கள், தரையிலிருந்து ஒரு பொருளைக் குனிந்து எடுங்கள், கதிரையில் இருந்து ஆழ்ந்து மூச்சை இழுங்கள். மூச்சிழுக்கும்போது கொழுக்கி இழுபட்டால் அந்த இடத்தில் கால் அங்குலம் விடச் சொல்லுங்கள். இந்தச் சோதனை முடிந்த பிறகே கல், மணி போன்ற வேலைப்பாடுகளை ஓரங்களில் பொருத்த வேண்டும், வேலைப்பாடு ஏறிய பின் தையலைப் பிரிப்பது கடினம். பட்டில் பழைய தையலின் ஊசித்துளைகள் அழியாமல் நிற்கும் என்பதால், இறுக்கமாகத் தைத்துப் பின்னர் தளர்த்துவதை விடச் சற்றுத் தளர்வாகத் தைத்துப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பானது.

7. உட்பாவாடையும் பாதணியும்

உட்பாவாடைக்குப் பருத்தியே முதற்றெரிவு. சேலையை அது பற்றிப் பிடித்துக்கொள்வதால் கொய்யகம் வழுகாது. சற்றின் எனும் வழுவழுப்பான துணியில் தைத்த உட்பாவாடை ஒழுகி விழும் மெல்லிய சேலைகளுக்கு மட்டும் பொருந்தும், பட்டுச் சேலையின் கீழ் அதை அணிந்தால் முழுச் சேலையும் நடக்க நடக்கக் கீழிறங்கும். மீன்வால் வடிவில் ஒட்டிப் பிடிக்கும் உட்பாவாடைகள் மாலை வரவேற்பில் அழகாகத் தெரியும், ஆனால் பாயில் சம்மணமிட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு அவற்றை அணிந்து போனால் எழும்புவதற்கு ஆள் துணை வேண்டும்.

மெல்லிய நாடாவை ஒரே இடத்தில் நாள்தோறும் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் கருமையும் புண்ணும் ஏற்படுகின்றன. அகன்ற பட்டி வைத்துத் தைத்து, முடிச்சைப் பக்கவாட்டில் போடுங்கள்.

பாதணியை முடிவு செய்த பின்னரே ஃபோல்ஸ் பட்டி தைக்கக் கொடுங்கள். அதை அணிந்து நின்று உடுத்தும்போது கீழ்க்கரை தரையிலிருந்து அரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். புதிய செருப்பை விழாவுக்கு முந்திய சில நாட்கள் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள். ஊசிபோன்ற குதிகால் மணலிலும் சீமெந்துக் கற்களின் இடுக்குகளிலும் புதையும், கட்டைக்குதி அதே உயரத்தைத் தந்து உறுதியாக நிற்கும்.

8. நிறமும் நகையும்

இந்தப் படி கடைசிப் பகுதிக்கு வந்திருப்பது தற்செயலன்று. துணியும் தையலும் முடிவான பின் எஞ்சும் நிறங்களுக்குள் விரும்பியதை எடுக்கலாம். மங்கல நிகழ்வுகளுக்கு முழுக் கறுப்பைப் பெரியவர்கள் இன்றும் விரும்புவதில்லை. தாலிகட்டில் மணமகளின் கூறைச்சேலை பெரும்பாலும் சிவப்பு அல்லது அரக்கு நிறமாக இருப்பதால், அருகில் நிற்கும் உறவுப் பெண்கள் அதே நிறத்தைத் தவிர்ப்பது ஒரு நாகரிகம். சாம்பல், இளநீலம் போன்ற நிறங்களில் அக்குள் வியர்வை உடனே தெரியும், கடும் நிறங்களிலும் அச்சுப்பூ நிறைந்த துணிகளிலும் அவ்வளவாகத் தெரியாது.

கரை கனமென்றால் கழுத்தில் ஓர் அட்டியல் போதும். கல் முனைகள் வெளியே துருத்தி நிற்கும் காப்பு, சரிகை முந்தானைக்குப் பகை.

9. ஒத்திகை

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, எல்லாவற்றையும் முழுமையாக உடுத்தி ஒரு மணி நேரம் வீட்டுக்குள் இருங்கள். பாயில் இருந்து எழும்புங்கள், வாழையிலைக்குக் குனிந்து சாப்பிடுவது போல் குனியுங்கள், படியேறி இறங்குங்கள், மலசலகூடத்துக்கும் போய் வாருங்கள். பழைய மண்டபங்கள் பலவற்றில் குந்தியிருக்கும் மலசலகூடமே இருப்பதால், கடைசியாகச் சொன்னதைச் சிரிப்புக்குரியதாக எண்ணிவிடாதீர்கள். சேலையையும் உட்பாவாடையையும் சேர்த்துத் தூக்கிப் பிடிப்பதற்குத் தடையாக எங்கெல்லாம் ஊக்குக் குத்தியிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஊக்குகள் மூன்று போதும்: தோளில் ஒன்று, கொய்யகத்தை உட்பாவாடையோடு பிடிக்க ஒன்று, இடுப்பின் பின்புறத்தில் ஒன்று. பத்துப் பதினைந்து குத்தி உடுத்தினால் சேலை உடம்போடு அசையாமல் ஊக்குக்கு ஊக்கு இழுபடும், குத்திய இடமும் கிழியும். பட்டிலும் சரிகையிலும் நேரடியாகக் குத்தாமல், இடையே ஒரு சிறு துணித்துண்டை வைத்துக் குத்துங்கள். கொய்யகத்தையும் முந்தானை மடிப்புகளையும் முதல்நாளே மடித்து, மேலே பருத்தித் துணி விரித்துக் குறைந்த சூட்டில் மினுக்கி வைத்தால், விடியற்காலை அவசரம் பாதியாகக் குறையும்.

10. அன்றைய நாளும் அதற்குப் பின்னரும்

வாசனைத் திரவியத்தை உடுத்தமுன் உடம்பில் பூசி உலரவிடுங்கள், சரிகையில் பட்டால் அது கறுக்கும். கைப்பையில் இரண்டு ஊக்கு, நூலோடு ஊசி, ஒரு பருத்திக் கைக்குட்டை, காலுக்கு ஒட்டுப்பட்டி, மடித்து வைக்கக்கூடிய தட்டைச் செருப்பு ஆகியன இருந்தால் பெரும்பாலான அவசரங்களைச் சமாளிக்கலாம். எண்ணெய்க்கறை பட்டால் நீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். முகப்பவுடரைத் தாராளமாகத் தூவி அப்படியே விடுங்கள், அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சட்கறையில் சவர்க்காரம் பட்டால் அது சிவந்துவிடும் என்பதால், பட்டில் அதை வீட்டில் தொடாமல் உலர்சலவைக்குக் கொடுப்பதே சரி.

வீடு திரும்பியதும் சேலையை மடித்து அலுமாரியில் வைத்துவிடாமல், ஓர் இரவு நிழலில் காற்றாட விரித்து விடுங்கள். ஈரம் முற்றாகப் போன பின் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பொலித்தீன் பைக்குள் வைத்தால் மாரிக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சியுருண்டை சரிகையைத் தொடக் கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் ஒரே கோட்டில் இழை நொந்து கிழியும்.

பிளவுஸ், உட்பாவாடை, பொருந்திய செருப்பின் உயரம் ஆகியவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சேலையோடு சேர்த்து வையுங்கள். பிளவுஸின் அக்குள் பகுதியை மட்டும் உட்புறமாக ஈரத்துணியால் ஒற்றி உலரவிட்ட பிறகே உள்ளே வைக்க வேண்டும், வியர்வை உப்பு தங்கிய இடத்தில்தான் பட்டு முதலில் பிய்கிறது.